பிங் போகிறது, தரவு நிற்கிறது: பகிர்வுச் சோதனைக்களம் ஒன்றில் 50 பைட் தேடிய நான்கு நாள்

பின்னணி

சோதனைக்களம் இரண்டு வளாகங்களில் இருக்கிறது. வளாகத்துக்கு மூன்று சர்வர்கள். எல்லாவற்றிலும் லினக்ஸ், மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்டும் கேவிஎம், லிப்விர்ட். ஆய்வுக் குழுக்கள் முன்பதிவு செய்து விஎம்களை எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு விஎம்முக்கும் இரண்டு இடைமுகங்கள் உண்டு. ஒன்று உள்நுழையவும் மென்பொருள் நிறுவவும் பயன்படும் கட்டுப்பாட்டு நெட்வொர்க். அந்தந்த வளாகத்துக்குத் தனி, முகவரி டிஎச்சிபி (ஐபி முகவரியைத் தானாக வழங்கும் சேவை) வழியாக வரும். மற்றது சோதனை நெட்வொர்க். இரு வளாகங்களையும் ஒரே லேயர் 2 (ஈத்தர்நெட் நிலை, நடுவே ரவுட்டர் இல்லாத) பரப்பாக இணைக்கும், முகவரிகளைக் குழுவே கையால் இடும்.

வளாகங்களுக்குள் சர்வர்களும் சுவிட்சுகளும் 9000 பைட் ஜம்போ ஃபிரேம்களுக்கு (இயல்பைவிடப் பெரிய ஈத்தர்நெட் பொதிகள்) அமைக்கப்பட்டிருந்தன. வளாகங்களுக்கு இடையே வெளிச் சேவையாளர் ஒருவரின் 1 ஜிகாபிட் லேயர் 2 இணைப்பு. அதன் எம்டியு (ஒரே பாக்கெட்டாகப் போகக்கூடிய உச்ச அளவு) 1500 பைட்.

சம்பவத்துக்குப் பத்து நாள் முன்புவரை ஒவ்வொரு குழுவின் சோதனை நெட்வொர்க்கும் ஒரு விலானாக (ஒரே கம்பியில் தனித்து ஓடும் மெய்நிகர் நெட்வொர்க்) அந்த இணைப்பில் கடந்து போயிற்று. சேவையாளர் அனுமதித்த விலான்கள் தீர்ந்துபோனதால் நிர்வாகிகள், ஈத்தர்நெட் ஃபிரேமை இன்னொரு பாக்கெட்டுக்குள் உறையிட்டு அனுப்பும் விஎக்ஸ்லானுக்கு மாறினார்கள். மாற்றிய அன்று செய்த சோதனை ஒரு பிங் (சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது), ஒரு சிறிய பக்கம் இறக்குதல், அவ்வளவே. இரண்டும் தேறின.

பாதிக்கப்பட்ட குழு டிசிபி நெரிசல் கட்டுப்பாட்டை (நெரிசலுக்கேற்ப அனுப்பும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் முறை) ஆராய்வது. எட்டு விஎம்கள் எடுத்திருந்தது, வளாகத்துக்கு நான்கு. அனுப்பும் விஎம்களில் குழுவே திருத்திய கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ஓடியது. இந்த ஒரு விவரம் பின்னால் பெரிதாகத் திசைதிருப்பியது.

முதல் நாள்: கண்டதும் நினைத்ததும்

டிக்கெட்டில் வந்த வாசகம்: "பிங் போகிறது, எஸ்எஸ்எச் தொங்குகிறது, ஐபெர்ஃப் சுழியம் காட்டுகிறது. நேற்று வரை ஒரு வளாகத்துக்குள் எல்லாம் சரியாக ஓடியது."

தொலைவுக் கணினியில் உள்நுழையும் எஸ்எஸ்எச்சை முழு விவரப் பதிவுடன் ஓட்டியபோது டிசிபி இணைப்பு எழுந்தது, இரு பக்கமும் பதிப்பு வரியைப் பரிமாறிக்கொண்டன, பிறகு சாவிப் பரிமாற்றத்தில் ‘ஈசிடிஎச் ரிப்ளை’க்காகக் காத்திருக்கும் வரியோடு நின்றது. அந்த இடத்தில் நிற்பது தற்செயல் அல்ல. அதற்கு முந்தைய செய்திகள் எல்லாம் சில பத்து பைட்கள்தான். தாங்கள் ஏற்கும் குறியாக்க முறைகளின் பட்டியலை இரு பக்கமும் அனுப்பும்போதுதான் முதன்முறையாக முழு நீளப் பாக்கெட் புறப்படும்.

வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3 காட்டியது இன்னும் தெளிவானது. முதல் நொடியில் சில நூறு கிலோபைட் போனதாகக் கணக்கு. அது எதிர்முனைக்குப் போனது அல்ல, சாக்கெட் பஃபரில் நிரம்பியது. அதன் பிறகு வரிக்கு வரி 0.00. நெரிசல் சாளரத்தின் (பதில் வருமுன் அனுப்பக்கூடிய அளவு) பத்தியில் 1.41 கிலோபைட்.

குழு அந்த 1.41ஐத் தன் துறைக் கண்ணால் பார்த்தது: சாளரம் ஒரே துண்டுக்குச் சுருங்கிவிட்டது, ஆகவே நம் திருத்திய கெர்னலில் பிழை. இதற்கு வலு சேர்ப்பதுபோல, அதே விஎம்களுக்கு இடையே குவிக் (டிசிபிக்கு மாற்றான நெறிமுறை) சோதனை தடையின்றி ஓடியது. குவிக்குக்கு நெரிசல் கட்டுப்பாடு பயனர் நிரலிலேயே இருக்கிறது, கெர்னலைத் தொடாது. எனவே குற்றவாளி கெர்னல்தான் என்று முடிவானது.

இரண்டு கவனிப்புமே உண்மை. முடிவுதான் தவறு. 1.41 கிலோபைட் என்பது 1448 பைட், அதாவது எம்டியு 1500இல் நேரமுத்திரையோடு போகும் டிசிபித் துண்டின் அளவு. முதல் பத்துத் துண்டுகளும் ஒன்றுவிடாமல் தொலைந்து, மறுஅனுப்பு நேரம் காலாவதியானால் எந்த நெரிசல் கட்டுப்பாடும் சாளரத்தை ஒன்றாகத்தான் குறைக்கும். குவிக் ஓடியதற்குக் காரணமும் வேறு. ஆர்எஃப்சி 9000படி இணைப்பைத் தொடங்கும் குவிக் டேட்டாகிராம்கள் குறைந்தது 1200 பைட் இருக்க வேண்டும். பாதையின் அளவைத் தேடிப் பார்க்காத எளிய செயலாக்கங்கள் அதை ஒட்டிய அளவிலேயே தங்கிவிடும். குழு பயன்படுத்தியது அப்படிப்பட்ட ஒன்று. பெரிய பாக்கெட்டே அனுப்பாத நெறிமுறை பெரிய பாக்கெட் தொலைவதைக் காட்டாது.

நிர்வாகிகளின் முதல் ஊகமும் உதவவில்லை. அதே நேரம் வேறொரு குழு போக்குவரத்து உற்பத்திக் கருவியை ஓட்டிக்கொண்டிருந்ததால் பழி அதன்மேல் போனது. பகிர்வுக் களத்தில் பக்கத்துக் குழுவைச் சந்தேகிப்பது கை வந்த பழக்கம். இணைப்பின் பயன்பாட்டு வரைபடத்தைத் திறந்து பார்த்ததும் அந்த ஊகம் விழுந்தது. இணைப்பு பெரும்பாலும் காலியாகக் கிடந்தது.

இரண்டாம் நாள்: மீண்டும் கட்டிய முடிவு

எட்டு விஎம்களையும் அழித்துப் புதிதாகக் கட்டுவது என்று குழு முடிவெடுத்தது. அதன் தர்க்கம் புரியக்கூடியதே: கெர்னல் சந்தேகத்தில் இருக்கிறது, தர உருவத்திலிருந்து (எல்லா விஎம்களுக்கும் பொதுவான ஆயத்த வட்டுப் படிமம்) எழுப்பினால் அது சுத்தமாகும், அரை நாளில் முடியும். ஏழு விஎம்கள் அப்படியே எழுந்தன. இரண்டாம் வளாகத்தின் பெறுநர் விஎம் ஒன்றில் அளவீட்டு மென்பொருளைத் தொகுத்து நிறுவ நாற்பது நிமிடம் ஆகும். அதே வேலையை இன்னொரு பெறுநருக்கும் செய்ய மனமில்லாமல், நிறுவி முடித்த ஆறாம் விஎம்மை விர்ட்-க்ளோன் கொண்டு நகலெடுத்து ஏழாம் விஎம்மாக வைத்தார்கள். நகலின் ஹோஸ்ட்பெயரை மட்டும் மாற்றினார்கள்.

தர உருவத்தின் கெர்னலிலும் எஸ்எஸ்எச் அதே இடத்தில் தொங்கியது. கெர்னல் குற்றமற்றது என்று அப்போதே எழுதி மூடியிருக்கலாம். ஆனால் அதற்குள் புதிய தொல்லை ஒன்று சேர்ந்துகொண்டது: ஆறாம், ஏழாம் விஎம்களின் கட்டுப்பாட்டு உள்நுழைவுகள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை உறைந்தன, சில அறுந்தன. முந்தைய நாள் சோதனை நெட்வொர்க்கில் மட்டும் இருந்த சிக்கல் இப்போது கட்டுப்பாட்டு நெட்வொர்க்குக்கும் பரவிவிட்டதாகத் தோன்றியது. களம் முழுவதும் பழுது என்ற பேச்சு எழுந்தது.

இதே நாளில் இன்னொரு வீண் அலைச்சலும் நடந்தது. அனுப்பும் விஎம்மில் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் ஓட்டியபோது புறப்படும் பாக்கெட்டுகள் எல்லாவற்றுக்கும் ‘செக்சம் தவறு’ (சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை) என்று வந்தது. விஎம்மின் மெய்நிகர் அட்டையான விர்ட்டியோ இடைமுகத்தில் இது இயல்பு. செக்சம் கணக்கிடும் வேலையை விஎம் கீழே தள்ளிவிடுகிறது. டிசிபிடம்ப் பார்ப்பது கணக்கிடுவதற்கு முந்தைய நிலை. பெறும் முனையில் தவறு என்று வந்தால்தான் பொருள் உண்டு. இருந்தாலும் ஆறாம் விஎம்மில் ஈத்டூல் கொண்டு இப்படிக் கீழே தள்ளும் ஆஃப்லோடை நிறுத்திப் பார்த்தார்கள், மாற்றமில்லை என்று குறித்தார்கள். அந்தக் குறிப்பு செல்லாது என்பது மறுநாள்தான் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலை: இரண்டு பழுதுகளைப் பிரித்தல்

நிர்வாகி ஒருவர் ஆறாம் விஎம்மின் கட்டுப்பாட்டு முகவரிக்கு உள்நுழைந்தார். வந்து நின்ற கட்டளை வரியில் ஏழாம் விஎம்மின் பெயர். வெளியேறி, ஒரு நிமிடம் கழித்து அதே முகவரிக்கு மீண்டும் போனார். இப்போது ஆறாம் விஎம். எஸ்எஸ்எச் எந்த எச்சரிக்கையும் தரவில்லை. நகலெடுத்தபோது ஹோஸ்ட் சாவிகளும் (எஸ்எஸ்எச் ஒரு கணினியை அடையாளம் காணும் சாவிகள்) சேர்ந்தே நகலாகியிருந்தன. இரண்டு கணினிகளுக்கும் ஒரே கைரேகை. முகவரி மோதலைக் காட்டிக்கொடுக்க வேண்டிய எச்சரிக்கையையே நகல் வாயடைத்துவிட்டது. முந்தைய நாள் ஆஃப்லோடை நிறுத்திய கட்டளை எந்த விஎம்மில் விழுந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மோதலை உறுதி செய்ய ஆர்பிங்கால் (ஒரு ஐபி யாரிடம் இருக்கிறது என்று கேட்கும் கருவி) அந்த முகவரியைக் கேட்டார்கள். இரண்டு வெவ்வேறு மேக் முகவரிகளிலிருந்து (நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்) பதில் வந்தது. மேக் வேறாக இருக்கும்போது டிஎச்சிபி எப்படி ஒரே ஐபியைத் தந்தது என்ற கேள்வி நியாயமானது. விர்ட்-க்ளோன் புதிய மேக் கொடுத்திருந்தது உண்மை. ஆனால் விஎம்மில் நெட்வொர்க்கை அமைக்கும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி இயல்பாக டிஎச்சிபி சர்வரிடம் தன்னை மேக்கால் அறிமுகப்படுத்திக்கொள்வதில்லை. ஈடிசி அடைவிலுள்ள மெஷின்-ஐடி கோப்பிலிருந்து பிறக்கும் அடையாளம் ஒன்றையே அனுப்புகிறது. நகலில் அந்தக் கோப்பு எழுத்துக்கு எழுத்து அதேதான், பிசிஐ இடமும் இடைமுகப் பெயரும்கூட அதே. சர்வர் பார்வையில் ஒரே வாடிக்கையாளர் இரண்டு முறை கதவைத் தட்டுகிறார். குத்தகைப் பதிவில் ஒரே வரியின் மேக் மட்டும் மாறி மாறி எழுதப்பட்டிருந்தது.

திருத்தம் எளிது, ஒரு கண்ணி மட்டும் உண்டு. மெஷின்-ஐடி கோப்பை அழிக்கக் கூடாது, சுழிய நீளமாக்கிவிட்டு மறுதொடக்கம் செய்ய வேண்டும். நிரல்களுக்கிடையே செய்தி கடத்தும் டிபஸ்ஸுக்கும் ஒரு மெஷின்-ஐடி உண்டு. அது குறியிணைப்பாக இல்லாமல் தனிக் கோப்பாக இருந்தால், தொடங்கும்போது சிஸ்டம்டி பழைய எண்ணை அங்கிருந்தே எடுத்துத் திரும்ப எழுதிவிடும். ஏழாம் விஎம்மில் இரண்டையும் சரிசெய்து, ஹோஸ்ட் சாவிகளையும் புதிதாக உருவாக்கினார்கள். உறைதல் நின்றது. சோதனை நெட்வொர்க்கின் சிக்கல் துளியும் மாறவில்லை.

மூன்றாம் நாள் மாலை: அளவு சொன்ன விடை

கட்டுப்பாட்டு வழி நம்பத்தக்கதானதும் அளவுச் சோதனை தொடங்கியது. துண்டாக்கக் கூடாது என்ற தெரிவுடன் பிங், சோதனை நெட்வொர்க்கில், அளவுக்கு இருபது முறை. தற்செயல் இழப்பைச் சிக்கலென்று எண்ணிவிடாதிருக்கவே இருபது. வளாகத்துக்குள் 1472 பைட் சுமை தடையின்றிப் போனது. 1472உடன் ஐசிஎம்பி (பிங்கும் நெட்வொர்க் பிழைச் செய்திகளும் போகும் நெறிமுறை) தலைப்பு 8, ஐபி தலைப்பு 20 சேர்ந்தால் 1500.

வளாகம் கடந்து 1472: இருபதும் தொலைந்தன. 1400: இருபதும் வந்தன. 1436 இல்லை. 1418 உண்டு. 1427 இல்லை. 1422 உண்டு. 1424 இல்லை. 1423 இல்லை.

எல்லை 1422. தலைப்புகளோடு 1450. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் இடைவெளி சரியாக 50. விஎக்ஸ்லானோடு பழகியவருக்கு அந்த எண்ணே போதும்: உள் ஈத்தர்நெட் தலைப்பு 14, விஎக்ஸ்லான் 8, யுடிபி 8, வெளி ஐபி 20.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தொலைந்த பிங்குகளுக்குப் ‘பாக்கெட் மிகப் பெரியது’ என்ற பிழைச் செய்தி எந்தப் பக்கத்திலிருந்தும் வரவில்லை. முழு மௌனம்.

எங்கே தொலைகிறது என்று பார்க்க ஐந்து இடங்களில் பிடித்தார்கள்: விஎம்மின் இடைமுகம், சர்வரில் அதன் டாப் (விஎம்மின் இடைமுகம் சர்வரில் வந்து சேரும் முனை), விஎக்ஸ்லான் சாதனம், முதல் வளாக சர்வரின் உடல் அட்டை, இரண்டாம் வளாக சர்வரின் உடல் அட்டை. உடல் அட்டையில் யுடிபி 4789 என்று வடிகட்டியபோது ஒன்றுமே விழவில்லை. கால் மணி நேரம் அதில் போனது. 4789 தரப்படுத்தப்பட்ட எண். ஆனால் போர்ட்டைக் குறிப்பிடாமல் விஎக்ஸ்லான் சாதனத்தை உருவாக்கினால் லினக்ஸ் பழைய வழக்கப்படி 8472ஐ எடுத்துக்கொள்ளும். சாதனத்தின் விரிவான விவரங்களைக் கேட்டதும் அது தெரிந்தது.

பிடிப்புக்கு ஐபெர்ஃப் அல்ல, பிங்கையே பயன்படுத்தினார்கள். டிசிபி ஓட்டத்தில் துண்டாக்கும் வேலையும் கீழே தள்ளப்படுவதால் விஎம்மிலும் டாப்பிலும் எம்டியுவைவிடப் பல மடங்கு பெரிய ‘பாக்கெட்டுகள்’ தெரியும். அளவுச் சிக்கலைத் தேடும்போது அவை குழப்பத்தைத்தான் கூட்டும். பிங்கில் பார்த்தது தெளிவு: டாப்பில் 1514 பைட் ஃபிரேம், உடல் அட்டையில் அதே ஃபிரேம் உறை சேர்ந்து 1564ஆகப் புறப்படுகிறது, இரண்டாம் வளாகத்தில் அது வந்து சேரவே இல்லை. களத்தின் சொந்த சுவிட்சுகளில் பிழை எண்ணிகள் எல்லாம் சுழியம். 9000க்கு அமைந்த அவற்றுக்கு 1564 ஒரு பொருட்டே அல்ல. சேவையாளரிடம் அவர் பக்கத்து முதல் போர்ட்டின் எண்ணிகளைக் கேட்டபோதுதான் மிகைநீள ஃபிரேம்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருப்பது தெரிந்தது.

மௌனத்துக்கும் அதுவே விளக்கம். லினக்ஸ் விஎக்ஸ்லான் வெளி ஐபி தலைப்பில் துண்டாக்கத் தடையை இயல்பாக வைப்பதில்லை. வழியில் ஒரு ரவுட்டர் இருந்திருந்தால் துண்டாக்கியாவது அனுப்பியிருக்கும். இருந்தது லேயர் 2 சாதனம். அது துண்டாக்காது, ஐசிஎம்பியும் அனுப்பாது. நீளம் மிஞ்சிய ஃபிரேமைக் கீழே போட்டுவிட்டு எண்ணியை ஒன்று கூட்டும். பாதை எம்டியு கண்டறிதல் நம்பியிருக்கும் செய்தியை அனுப்ப அங்கே ஆளே இல்லை.

உறுதிக்கு ஒரு கடைசிச் சோதனை: அனுப்பும் விஎம்மில் கெர்னலின் டிசிபி எம்டியு துழாவலை 1 என்று வைத்து ஐபெர்ஃபை ஓட்டினார்கள். முதலில் நின்றது, சில மறுஅனுப்புகளுக்குப் பிறகு தானாகச் சிறிய துண்டுக்கு இறங்கி ஓடத் தொடங்கியது. உடனே 0க்குத் திருப்பினார்கள். நெரிசல் அளவீட்டின் நடுவே துண்டின் அளவு தானாக மாறுவதைக் குழு ஏற்க முடியாது.

இணைப்பைக் கடக்கும் இன்னொரு குழுவையும் அதே பிங்கை ஓட்டிப் பார்க்கக் கேட்டார்கள். அங்கும் 1422. அவர்கள் அனுப்புவது சிறிய உணரிச் செய்திகள் மட்டும் என்பதால் பத்து நாளாக எதுவும் உறைக்கவில்லை.

நான்காம் நாள்: எடுத்த முடிவுகள்

மூன்று வழிகள் மேசையில் இருந்தன. பாலத்தில் (சர்வருக்குள் விஎம்களை விஎக்ஸ்லானோடு இணைக்கும் மெய்நிகர் சுவிட்ச்) டிசிபித் துண்டளவை அடக்கிவைப்பது விஎம்களைத் தொடாமல் நடக்கும். ஆனால் டிசிபிக்கு மட்டும் பயன்படும், யுடிபி சோதனைகள் அப்படியே தொலையும். தள்ளப்பட்டது. இணைப்பின் எம்டியுவை உயர்த்துவதே சரியான தீர்வு. அது சேவையாளரின் பராமரிப்பு நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும், அந்தச் சில நிமிடங்கள் எல்லாக் குழுக்களும் துண்டிக்கப்படும். எஞ்சியது விஎம்களின் சோதனை இடைமுகத்தை 1450க்கு இறக்குவது. அன்றே முடியும், குழுவின் அதிகாரத்திலேயே இருக்கிறது.

1450ஐ எட்டு விஎம்களிலும் நெட்வொர்க் அமைப்பை வைத்திருக்கும் நெட்பிளான் கோப்பில் எழுதினார்கள். வளாகத்துக்குள் பேசும் விஎம்களுக்கு 1500ஐ விட்டுவைக்கலாமா என்ற யோசனை வந்தது, மறுத்தார்கள். ஒரே லேயர் 2 பரப்பில் இரண்டு எம்டியு இருந்தால் அதே மௌனப் பழுதை நாமே மீண்டும் கட்டுவதாகும். சர்வரில் விஎக்ஸ்லான் சாதனத்தின் எம்டியுவையும் 1450 ஆக்கினார்கள். விஎம்களை முதலில் இறக்கிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். தலைகீழாகச் செய்தால் பாலமும் நீளம் மிஞ்சியவற்றைச் சத்தமில்லாமல் போட்டுவிடும்.

விளைவு

எஸ்எஸ்எச் உடனே நுழைந்தது. இப்போது 1423 பைட் பிங் விஎம்மிலேயே ‘செய்தி மிக நீளம்’ என்று மறுக்கப்படுகிறது. தொலைவதைவிட மறுக்கப்படுவது எவ்வளவோ மேல்.

ஐபெர்ஃப் அளவீடு கணக்கை ஒட்டி நின்றது. கணக்கு இப்படி: எம்டியு 1450இல் துண்டு 1398 பைட், உறையோடும் முன்னொட்டு, இடைவெளி உள்ளிட்டவற்றோடும் கம்பியில் 1538 பைட். 1 ஜிகாபிட்டில் உச்சம் நொடிக்கு 909 மெகாபிட். முன்பு விலானில் துண்டு 1448, கம்பியில் 1542; உச்சம் 939. ஏறக்குறைய 3 சதவீத இறக்கம். விலான் காலத்து முடிவுகளையும் விஎக்ஸ்லான் காலத்து முடிவுகளையும் ஒரே வரைபடத்தில் வைத்தால், நெறிமுறை வேறுபாடாக இது தோன்றிவிடும். குழு பழைய ஓட்டங்களில் வளாகம் கடந்தவற்றை மட்டும் திரும்ப ஓட்டியது.

அடுத்த பராமரிப்பு நேரத்தில் சேவையாளர் இணைப்பின் எம்டியுவை 1600 ஆக்கினார். தேவை 1550தான். வெளி உறை ஐபிவி6க்கு மாறினால் இன்னும் 20 பைட் கூடும், விலான் குறி வந்தால் இன்னும் 4. அதற்குத்தான் இந்தத் தாராளம். நடந்துகொண்டிருந்த முன்பதிவுகள் முடியும்வரை 1450லேயே ஓடின. நடுவே மாற்றினால் அளவீடுகள் இரண்டாக உடையும்.

இனி மாறுவது

நெட்வொர்க் மாற்றம் எதுவானாலும் ஏற்புச் சோதனையில் பிங் ஒன்று போதாது. துண்டாக்கத் தடையுடன் 1472 பைட் பிங், இரு திசையிலும், ஒவ்வொரு சர்வர் ஜோடிக்கும், கட்டாயம். இதைச் செய்யும் சிறு நிரல் இப்போது முன்பதிவு ஒப்படைக்கப்படும்போது தானாக ஓடி, எல்லை எவ்வளவு என்று குழுவுக்கு எண்ணாகக் காட்டுகிறது.

நகலெடுப்பதைத் தடுக்கவில்லை, நாற்பது நிமிடம் மிச்சமாவதை யாரும் விடமாட்டார்கள். நகலுக்கு முன் விர்ட்-சிஸ்பிரெப் ஓட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அது மெஷின்-ஐடியையும் ஹோஸ்ட் சாவிகளையும் சேர்த்தே துடைக்கும். தர உருவத்தின் நெட்பிளானில் டிஎச்சிபி அடையாளம் மேக் முகவரியே என்றும் எழுதப்பட்டுள்ளது, மறந்துபோகிறவர்களுக்காக.

விஎம்களை அழிக்கும் முன் நிர்வாகிகளுக்கு டிக்கெட் வழியாகச் சொல்லி, இடைமுக அமைப்பு, வழித்தட அட்டவணை, ஒரு நிமிடப் பாக்கெட் பிடிப்பு ஆகிய மூன்றையும் எடுத்து வைக்க வேண்டும் என்பது புதிய விதி. முதல் நாள் விஎம்களிலிருந்து எதுவும் மிஞ்சவில்லை. அவற்றில் கண்டவற்றை டிக்கெட்டில் ஒட்டியிருந்த ஐபெர்ஃப் வெளியீட்டின் சில வரிகளிலிருந்துதான் திரும்பக் கட்ட முடிந்தது. அந்த வரிகளில் 1.41 இருந்தது.